கடைசி வரிசை ஒஸ்டின்

மைதானத்து வாசலுக்குள் கார் நுழைந்தபோது என் கை அவருடைய இடது முழங்காலில் இருந்தது. பேரப்பிள்ளை கண்ட கிழவி ஒருத்தி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பட்டப்பகலில் புருஷனின் காலைப் பிடித்தபடி வருகிறாளே என்று பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும். முழங்காலை என் பக்கம் இழுத்தால் இடம், அந்தப் பக்கம் தள்ளினால் வலம், கிள்ளினால் பிரேக். ஒரு வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த பாஷை அது. வாசல் தூணுக்குப் பக்கத்தில் பலூன்காரன் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் கிள்ளினேன். நகம் பதிந்திருக்கும். பம்பர் அவன் உடுத்தியிருந்த சாரத்தைத் தொட்டபடி கார் நின்றது. அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நகர்ந்தான். "என்னது?" என்று இவர் கேட்டார். "ஒண்டுமில்ல, போங்க" என்றேன்.

ஸஹாப்தீன் என்றால் பதுளையில் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் தெரியும். பசறை ரோட்டிலும் நமுனுகுலை ஏற்றத்திலும் இவருடைய ஒஸ்டின் ஏறாத தோட்டம் இல்லை. அந்த மனுஷனுக்குக் கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு காய்ந்துவிட்டது, போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்று கண்டி டாக்டர் சொல்லிவிட்டார். நேரே இருப்பது தெரியும். பக்கவாட்டில் வருவது தெரியாது. மூங்கில் குழலுக்குள்ளால் ரோட்டைப் பார்ப்பது போல இருக்கிறதாம். டாக்டர் வீட்டிலிருந்து வெளியே வந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஸமீமுக்குச் சொல்லக் கூடாது.

ஸமீம் எங்கள் ஒரே மகன். பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறான். நல்ல பிள்ளைதான், ஆனால் எதைப் பார்த்தாலும் விலை போட்டுப் பார்க்கிற கண். வாப்பாவால் ஓட்ட முடியாமல் போகிற அன்றைக்கே காரை விற்றுவிட வேண்டும், கொட்டிலுக்குள் கிடந்து துருப்பிடிக்க விடமாட்டேன் என்று எங்கள் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறான். அதில் தப்பும் இல்லை. ஆனால் காரை விற்றால் இந்த மனுஷன் காலையில் எதற்காக எழும்புவார் என்று எனக்குத் தெரியவில்லை. ஹயர் ஓடுவதை வயதைச் சொல்லி நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை பாலத்தடி வரைக்கும், அதுவும் நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் என்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் இந்தக் கண்காட்சி வந்து தொலைந்தது.

எண்பத்தைந்தாம் வருஷம் ஏப்ரல் மாதம். கொழும்பிலிருந்து பழைய கார்ச் சங்கம் ஒன்றும், இங்கத்தைய துரைமார் கிளப்பும் சேர்ந்து நடத்தின விழா. முன்வரிசையில் ஜகுவார், எம்.ஜி., எந்தத் துரையோ சீமைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன நீளமான கறுப்புக் கார் ஒன்று. கடைசி வரிசைக்கு 'அன்றாடக் கார்கள்' என்று பெயர் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மொரிஸ் மைனர், ஹில்மன், போர்ட் பிரிபெக்ட், பீஜோ, கடைசியாக எங்கள் ஒஸ்டின் ஏ-40. எனக்கு அதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இதே மொரிஸ் மைனர் இன்றைக்கும் ஹயருக்கு நிற்கிறது, அதைப் பார்க்க யாரும் டிக்கட் எடுப்பதில்லை. ஜப்பான் கார் வரத் தொடங்கி ஏழெட்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் சனங்களுக்கு இதெல்லாம் பெருமூச்சு விடுகிற சாமானாகிவிட்டது. விழாக்காரர்கள் பழைய ஹயர் போர்டையும் கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள், அப்போதுதான் களையாக இருக்குமாம். கட்டிலுக்கடியில் கிடந்த போர்டைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, முன் கண்ணாடிக்கு மேலே கம்பியால் கட்டினார். கம்பி நுனி ஓட்டையைத் தப்பித் தப்பிப் போனதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஆச்சரியம் என்னவென்றால், ஜகுவாரைச் சுற்றி நின்ற கூட்டம் கொஞ்ச நேரத்தில் கடைசி வரிசைக்கு வந்துவிட்டது. ஜகுவாரில் யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்? இங்கே வந்தவர்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு காரிலும் ஒவ்வொரு கதை இருந்தது. ஒரு வங்கி அதிகாரி போனட்டில் கையை வைத்துக்கொண்டு, தன் தகப்பனாரைக் கடைசியாக வீட்டுக்குக் கொண்டு வந்தது இந்தக் காரில்தான் என்றார். ஒரு டீச்சரம்மா கல்யாணப் பெண்ணாக இதில் வந்தாளாம், வழியெல்லாம் வாந்தி எடுத்தாளாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வெலிமடையிலிருந்து லீக்ஸ் மரக்கறிக் கட்டுகளோடு நசுங்கிக்கொண்டு வந்ததைச் சொன்னார் ஒருவர். தலையை உள்ளே விட்டு சீட்டை மோந்து பார்த்தவர்களும் உண்டு. அதே ரெக்சின் வாசம், அதே பெட்ரோல் வாசம், அடியில் எங்கேயோ பழைய வெற்றிலை வாசம்.

அவர்கள் சந்தோஷமாகக் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் நான் பயந்தேன். "நானா, என்னத் தெரியுதா?" அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிட்டு, பக்கவாட்டில் நின்று கேட்பார்கள். இவர் கோழி பார்ப்பது போலத் தலையைத் திருப்பித் திருப்பி, அந்தக் குழலுக்குள் முகத்தைத் தேடுவார். முகம் அகப்படுவதற்குள் குரல் அகப்பட்டுவிடும். "ஹாலிஎல போஸ்ட் ஒபீஸ்காரர் தானே" என்பார். குரலும் கைகொடுக்காவிட்டால் நான் முந்திக்கொண்டு, "அட, மாஸ்டரா, மெலிஞ்சி போயிட்டீங்களே" என்று எடுத்துக் கொடுப்பேன். வாயாடி என்று பெயர் வாங்கினதுதான் மிச்சம். கொஞ்ச தூரத்தில் ஸமீம், கறுப்புக் கண்ணாடி போட்ட கொழும்புக்காரர் ஒருவரோடு நின்றான். அந்த ஆள் எங்கள் காரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் என்று யாரும் சொல்லாமலே விளங்கிற்று.

பரிசுக்குப் புள்ளி போட வந்தவர் காரைச் சுற்றி வந்து, பின்கதவைத் திறக்கப் பார்த்தார். இழுத்தார், திருகினார், திறக்கவில்லை. அந்தக் கதவு அப்படித்தான். கைப்பிடியை மேலே தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். தோட்டத்து ரோட்டில் ஒரு தடவை மண்மேட்டில் உரசினதிலிருந்து அப்படி. தோட்டத்துச் சனங்களுக்கு அது பழக்கம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மறு இடுப்பால் இடித்துத் திறப்பார்கள். நான் சொல்ல வாயெடுத்தேன், இவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். புள்ளி போனால் போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. இவருடைய எண்ணமெல்லாம் பின்னேரம் நடக்கப் போகிற ஊர்வலத்திலேயே இருந்தது. கார்கள் எல்லாம் வரிசையாக வெளியே போய், கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குத் திரும்பும். சொந்தக்காரரே ஓட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அதை மட்டும் ஓடி முடித்துவிட்டால், ஸமீமின் வாயை இன்னும் ஒரு வருஷத்துக்கு அடைத்துவிடலாம் என்பது இவருடைய கணக்கு.

ஊர்வலம் கிளம்பியபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. கடைசி வரிசையின் கடைசிக் கார் நாங்கள். முன்னால் போன பீஜோவின் பின்புறம் இவருடைய குழலுக்குள் நேராக இருந்ததால் பாதிப் பயம் விட்டது. என் கண்கள் மட்டும் இரண்டு பக்கமும் அலைந்தன. ரோட்டில் அப்படிக் கூட்டம். பிள்ளைகள் கையை நீட்டிக் காரைத் தடவினார்கள். இழுத்தேன், தள்ளினேன், கிள்ளினேன், மறுபடி இழுத்தேன். வாசலைத் தாண்டிப் பசறை ரோட்டில் திரும்பியதும் முன்னால் போன கார்கள் எல்லாம் நின்றுவிட்டன. எதிரே வந்த தோட்டத்துப் பஸ் ஒன்று கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு, முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் எடுக்க முடியாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. பொலிஸ்காரர் ஒருவர் விசில் ஊதினார். அவருடைய விசிலை யார் மதித்தார்கள்.

அந்தப் பஸ்ஸிலிருந்து ஒரு பொம்பிளை இறங்கினாள். என் வயது இருக்கும். இளம் பெண் ஒருத்தியை அணைத்துப் பிடித்திருந்தாள். அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எண்பத்துமூன்றாம் வருஷக் கலவரத்தில் கடைத்தெரு எரிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தோட்டத்துச் சனங்கள் அதற்குப் பிறகு டவுன் கூட்டத்தைக் கண்டால் ஓரமாக ஒதுங்கித்தான் போவார்கள். இவள் ஒதுங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள், நின்ற கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், எங்கள் கார் மேலே இருந்த போர்டைக் கண்டதும் முகம் மாறிற்று. விறுவிறென்று வந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்கதவுக் கைப்பிடியை மேலே தூக்கினாள், இடுப்பால் இடித்தாள், கதவு திறந்தது. பெண்ணை உள்ளே சாய்த்துவிட்டுத் தானும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நல்ல வேள, ஒங்க காரு நின்னுச்சு நானா," என்றாள். "ஆஸ்பத்திரிக்கு உடுங்க. புள்ளைக்கு தண்ணி ஒடஞ்சிருச்சு."

இது ஹயருக்கு நிற்கிற கார் இல்லை, கண்காட்சிக் கார் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொண்டிருப்பது? குரலைக் கேட்டதுமே இவர் தலையை நிமிர்த்தினார். தோட்டத்து மேல் டிவிசன் பெரியாயி தானே என்று கேட்டார். ஆமாங்க, இவ எம் மக வேலாயி, தலப்புள்ள என்று பதில் வந்தது. எந்தப் பிள்ளைப்பேற்றுக்கும் இவர் இல்லை என்று சொன்னது கிடையாது. கலியாணச் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து பாதியில் எழும்பிப் போயிருக்கிறார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவருடைய கை தன்பாட்டில் ஸ்டியரிங்கை ஒடித்தது. வரிசையை விட்டு வெளியே எடுத்து, கூட்டத்துக்குள்ளால் திருப்பி, ஆஸ்பத்திரி ரோட்டைப் பிடிக்க வேண்டும். முன்னால் பீஜோவின் பின்புறம் இருக்காது. இரண்டு பக்கமும் சனம், அதுவும் இவருக்குத் தெரியாத பக்கங்களில். பின்னால் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். கார் ஒரு முழம் நகர்ந்தது. என் பக்கத்து மட்கார்டை ஒட்டிக் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி நின்றாள். கிள்ளினேன். நின்றது. மறுபடி ஒரு முழம். மறுபடி கிள்ளினேன்.

சொன்னால் இவருடைய மானம் போகும், கார் போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இவருக்குக் கண் தெரியாது என்று கத்துவதற்காக வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் இவர் சாவியைத் திருகி எஞ்ஜினை நிற்பாட்டினார். தாழ்ந்த குரலில், ஸமீமைக் கூப்பிடு என்றார்.

கூப்பிட வேண்டிய வேலையே இருக்கவில்லை. வரிசையிலிருந்து கார் விலகியதைப் பார்த்துவிட்டு அவன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அந்தக் கொழும்புக்காரரும் பின்னால் வந்தார். என்ன வாப்பா, என்ன நடந்தது என்று ஜன்னலில் குனிந்தான். இவர் அவன் குரல் வந்த பக்கம் திரும்பவில்லை. நேரே பார்த்தபடியே சொன்னார்.

"பக்கத்தால வாறது ஒண்டும் எனக்குத் தெரியாது மகன். ஒரு வருஷமாகுது. நீ ஓட்டு."

சுற்றி நின்றவர்களுக்கும் அது கேட்டது. காலையில் 'என்னத் தெரியுதா' என்று கேட்ட வங்கி அதிகாரியும் அங்கே நின்றார். ஸமீம் என்னைப் பார்த்தான். நான் இவருடைய முழங்காலிலிருந்து கையை எடுத்தேன். அந்த ஒரு பார்வையிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தான். நான் இறங்க, இவர் சீட்டில் நகர்ந்து என் இடத்துக்கு வந்தார். நான் பின்னால் ஓடிப்போய்க் கைப்பிடியைத் தூக்கி, இடுப்பால் இடித்து, வேலாயிக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சொந்தக் காரில் பின்சீட்டில் நான் அவ்வளவாக இருந்ததில்லை.

ஸமீம் இதே காரில்தான் ஓட்டப் பழகினவன். ஆனால் பல வருஷமாக ஜப்பான் காரில் பழகின கை, கியரைத் தேடிக் கீழே தரைக்குப் போயிற்று. இவர் அந்தக் கையைப் பிடித்து ஸ்டியரிங்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். உன் பக்கம் இழுத்துக் கீழே போடு, கிளச்சை மெதுவாக விடு என்றார். கார் உதறிக்கொண்டு கிளம்பியது. பொலிஸ்காரருக்கு இப்போதுதான் உயிர் வந்தது போல, கூட்டத்தை விலக்கிவிட்டார். நான் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தபோது கொழும்புக்காரர் ரோட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஒன்றுதான் வேலை செய்யும், அது ஸமீமின் பக்கத்தது. இவருடைய பக்கத்துக் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, இருந்தும் இவர் வழி சொல்லிக்கொண்டே வந்தார். இப்ப பாலம் வரும், அதற்குப் பிறகு பள்ளம், பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், ஓரமாக எடு. வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது கியரைப் போடு, பிறகு போட்டால் திணறும். ஸமீம் சொன்னபடியே ஓட்டினான். விற்பதைப் பற்றி, ஒளித்ததைப் பற்றி, ஒன்றும் கேட்கவில்லை. கேட்பான், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. வேலாயி என் கையைப் பிடித்து நெரித்தாள். எலும்பு நொறுங்கிவிடும் போல வலித்தது, பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பெரியாயி மகளின் நெற்றியைத் துடைத்தபடி, காருக்குள்ளேயே பெத்துராத புள்ள, இன்னுங் கொஞ்சந்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இது கண்காட்சிக் கார் என்றோ, இவர் இனி ஓட்டமாட்டார் என்றோ யோசிக்க அவளுக்கு நேரமில்லை. அவளுக்கு என்ன, கார் நின்றது, ஏறினாள்.

முன்சீட்டுக்கு மேலால் எட்டிப் பார்த்தபோதுதான் இவருடைய காலைக் கண்டேன். ஒவ்வொரு வளைவிலும், ஸமீம் பிரேக் போடுவதற்குக் கொஞ்சம் முந்தி, இவருடைய வலது கால் தரையிலிருந்த ரப்பர் விரிப்பை அழுத்தியது. வளைவு முடிந்ததும் எழும்பியது. ஆஸ்பத்திரி ஏற்றத்துக்கு வரும்போது ஸமீமும் அதைப் பார்க்கத் தொடங்கிவிட்டான் என்று நினைக்கிறேன். அவனுடைய பார்வை ரோட்டுக்கும் அந்தக் காலுக்கும் போய்ப் போய் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. இரண்டு பேர் தள்ளுவண்டியோடு ஓடி வந்தார்கள். பின்கதவை இழுத்துத் திறக்க முடியாமல் தடுமாறினார்கள், பெரியாயி உள்ளேயிருந்து தோளால் இடித்துத் திறந்துகொடுத்தாள். வேலாயியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், பெரியாயியும் கூடவே போனாள். ஸமீமும் பின்னாலேயே ஓடினான், சாவியை எடுக்காமலே. இவரும் நானும் மட்டும் காரில் இருந்தோம். எஞ்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. போர்டின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. இவருடைய கால் அந்த ரப்பர் விரிப்பை இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தது.