நல்ல கண்ணுக்கு மேலே ஒரு அம்பு

நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் பேட்டரிக் கடைக்காரன் ஆஸ்பத்திரிக் குளியலறைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தான். இடது கண்ணுக்கு மேலே நீலப் பேனாவால் ஒரு அம்பு. பழுதான வலது கண்ணுக்கு மேலே ஒன்றுமே இல்லை! நல்ல கண்ணில் ஆபரேஷன் குறி போட்டிருக்கிறார்களே, படுபாவிகள்! சோப்பைக் குழைத்துத் தேய்தேய் என்று தேய்த்து அழித்த பிறகுதான் மூச்சு வந்தது.

மூச்சு வந்ததும் டாக்டர் சொன்னதும் மெல்ல ஞாபகம் வந்தது. கடையில் சார்ஜ் போட்டிருந்த பேட்டரி வெடித்து, ஆசிட் தெறித்து வெந்துபோனது வலது கண். கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்க அதன் ஓரத்தில் இருக்க வேண்டிய ஸ்டெம் செல்கள் கருகிவிட்டனவாம். நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து துளியூண்டு எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, சில வாரம் கழித்து வெந்த கண்ணில் ஒட்டுவார்களாம். அப்படியானால் இன்றைக்குக் கத்தி படப்போவதே நல்ல கண்ணில்தான். அடக் கடவுளே, அழித்தது சரியான குறியையா?

தெரிந்து அழித்தானா, தெரியாமல் அழித்தானா? அவனுக்கே பிடிபடவில்லை. நல்ல பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துச் செத்த வண்டியை எழுப்பப்போய், கடைசியில் இரண்டும் படுத்துவிட்டதை அவன் எத்தனை தடவை பார்த்திருக்கிறான்!

வெளியே வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "நெத்தி ஏன் செவந்திருக்கு? அம்பு எங்க?"

"அழிச்சிட்டேன். தப்பான கண்ணுல போட்டிருந்தாங்க."

"தப்பான கண்ணா? டாக்டர் படம் போட்டுச் சொன்னப்ப மாடு மாதிரி தலைய ஆட்டுனீங்களே!"

"ஆட்டுனேன். புரிஞ்சா ஆட்டுனேன்? இருக்கிறதும் போயிட்டா என்னடி பண்றது?"

"எனக்கு மட்டும் பயம் இல்லையா?" அவள் குரல் உடைந்தது. "போன வாரம் புள்ளைய எங்கிட்ட குடுக்குறேன்னு காத்துல விட்டீங்க. நான் எட்டிப் புடிக்கலைன்னா? ஒத்தக் கண்ணுல உங்களுக்குத் தூரம் தெரியலைங்க."

அன்றைக்கு அவள் விளையாட்டுக்குப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள் என்றல்லவா நினைத்திருந்தான்!

அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். "அம்பைக் காணோம்? சரி, புதுசா போட்டுக்கலாம். எந்தக் கண்ணுலேர்ந்து எடுக்கணும்? நீங்களே வாயால சொல்லணும்ணே. வீட்டுக்காரம்மா சொன்னா செல்லாது. இங்க அதுதான் சட்டம்."

மனைவியைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போய்விடலாம். சொல்லலாமா, கூடாதா? மண்டைக்குள் ஒன்றும் ஓடவில்லை. பிள்ளை மட்டும் கண்ணுக்குள் நின்றது.

"இதுலேர்ந்து" என்று இடது கண்ணைக் கையால் பொத்திக் காட்டினான். பொத்தியதும் அறை, நர்ஸ், மனைவி எல்லாம் பால்வெள்ளையில் கரைந்து காணாமல் போயின.

"கொஞ்சமா எடுங்க சிஸ்டர். ரொம்பக் கொஞ்சமா."

"அரிசியில பாதிகூட இல்லண்ணே. கைய எடுங்க, அம்பு போடணும்."

கையை எடுக்கத்தான் அவனால் முடியவில்லை. மனைவி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.