கெசியா பெயரில் ஒரு ரவுடி

கல்லூரியில் பூச்சியியல் நடத்தும் மெர்வின் தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். இலையைச் சுருட்டி உள்ளே குடியிருக்கும் எள்ளினும் சிறிய பூச்சியான இலைப்பேனில், முன்னங்கால் தடித்த மூன்று ஆண்களைப் புது இனம் என்று அறிவித்து, அதற்கு மனைவி கெசியாவின் பெயரை வைத்தான். கல்யாண நாளுக்குப் புடவை எடுக்க மறந்ததால் வந்த யோசனை அது என்பது ஊருக்குத் தெரியாது. பூச்சியின் படம் சட்டம் போட்டு, இரும்புலியூர் வீட்டு ஹாலில் இயேசு படத்துக்கு ஒரு சாண் கீழே தொங்கியது. சபையிலிருந்து யார் வந்தாலும் கெசியா அதைக் காட்டாமல் காபி கொடுத்ததில்லை.

வந்தது வினை. தாம்பரத்து இச்சி மரத்தில் கிடைத்த ஓர் இலைப்பேனைப் பற்றி, பழைய புத்தகம் ஒன்றில் எந்தக் காலத்து வெள்ளைக்காரரோ ஒரு பெயரும் வைத்து இரண்டே வரி எழுதியிருந்தார்: கறுப்பு, மெலிந்த முன்னங்கால். ஒற்றை ஆணைப் பார்த்து எழுதிவிட்டுக் கப்பலேறிவிட்டார். “உங்கள் தடியனும் அந்த நோஞ்சானும் ஒரே இனமாக இருக்குமோ?” என்று வெளியூர் நிபுணர் ஒருவர் கேட்டுத் தொலைத்தார். ஆமென்றால் வெள்ளைக்காரர் வைத்த பெயர் நிற்கும், கெசியாவின் பெயர் போய்விடும்.

அவர் வாயை அடைக்க, மெர்வின் கல்லூரித் தொட்டியில் இருந்த இச்சிக் கன்றின் தளிரில் தடியன் இனத்துத் தாய் ஒன்றே ஒன்றை விட்டு வலைத்துணி கட்டினான். பிறப்பதெல்லாம் தடியனாகத்தான் இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது.

இலை சுருண்டு குழலானது. பிள்ளைகள் வளர்ந்ததும் அதை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் பிரித்தான். இருவர் பார்க்கிற கருவி. மறுபக்கம் லேப் அட்டெண்டர் சேட்டு கண்ணை வைத்தான்.

உள்ளே கலவரம். இரண்டு தடியன்கள் கட்டிப் புரண்டன. மேலே இருந்தது முன்னங்காலின் கொக்கிப் பல்லை மற்றதன் கழுத்துப் பொருத்தில் ஏற்றி இறுக்கியது. கீழே இருந்தது வயிற்றைத் தேள்போல் வளைத்து விளாசியது. கால் ஒன்று முறிந்து தனியே துடித்தது. மஞ்சள் நீர் வழிந்தது. சுற்றிலும் ஏற்கெனவே பிணங்கள்.

“இன்னா சார் இது, ஒரே ஆத்தா வயித்துல பொறந்துகினு இந்தக் குத்து குத்திக்கிறானுங்க!”

“அந்த ரவுடிக்குத்தான் மேடம் பேர வச்சிருக்கேன்.”

“பொருத்தமாத்தான் கீது சார்.”

மெர்வின் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. இலை நரம்போரம் ஒரு நோஞ்சான். மெலிந்த முன்னங்கால். அண்ணன்மார் வெட்டிச் சாகும் நேரத்தில், சத்தமில்லாமல் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதே இலை, அதே தாய்.

வென்ற தடியனும் அதைப் பார்த்துவிட்டது. ஒரே பாய்ச்சல். கொக்கிப் பல் நோஞ்சானின் இடுப்பில் இறங்கியது.

சும்மா இருந்தால் போதும். சாட்சி கூழாகிவிடும், கெசியா சுவரிலேயே இருப்பாள்.

“சார், பொடியன் காலி சார்!”

மெர்வினின் கை பிரஷ்ஷை எடுத்துவிட்டது. இடுக்கில் நுழைத்து நெம்பினான். தடியன் விடவில்லை. இன்னும் நெம்பினான். தடியனின் முன்னங்கால் வேரோடு பிய்ந்து வந்தது. நோஞ்சான் தள்ளாடி எழுந்து உணர்கொம்பை ஆட்டியது.

“காப்பாத்திட்டீங்க சார்!”

மெர்வின் அதை பிரஷ் நுனியில் ஏந்தி ஆல்கஹால் குப்பிக்குள் விட்டான். கொஞ்சம் நீந்தியது. பிறகு வயிற்றில் ஊசியால் குத்தி, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, உள்ளிருந்ததைப் பிதுக்கி, புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கண்ணாடித் தகட்டில் கைகால் விரித்துப் படுக்கவைத்தான்.

“இதுக்கு அந்த ரவுடியே தேவல சார்,” என்று சேட்டு எழுந்து போனான்.

அந்த இரண்டு வரியோடு எல்லாம் பொருந்தியது. இரண்டும் ஒரே இனம். முதலில் வைத்த பெயர்தான் நிற்கும்.

வீட்டில் பெயர் போன கதையைச் சொன்னதும் கெசியா தோசைக்கரண்டியோடு கேட்டாள். “யாருங்க என் பேர எடுத்தது?”

“நான்தான் கெசி. ஒரு பொடியன் சாகக் கிடந்தான். காப்பாத்தினேன்.”

“அப்புறம்?”

“நானே கொன்னுட்டேன்.”

அவள் சட்டத்தைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி ஹால் முழுக்கச் சிதறியது. குனிந்து படத்தை மட்டும் உருவியபோது விரல் கிழிந்து ரத்தம் பூச்சியின் மேல் சொட்டியது. மெர்வின் கைக்குட்டையை இறுக்கிக் கட்டினான். அவள் மறுகையால் படத்தைத் துடைத்து பைபிளுக்குள் வைத்தாள்.

“நாளைக்குப் புடவை எடுக்கறோம்,” என்றாள். “பட்டு. அதுக்காவது எனக்கு முன்னாடி எந்த வெள்ளைக்காரனும் வந்து நிக்க மாட்டான்.”