நனையாதவன் பேச்சு

இது நடந்தது மழை ஓய்ந்த மாதத்திலா, அதற்கடுத்த மாதத்திலா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அன்று படித்துறையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு மாதம் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு, நடக்காததையும் நடந்ததாக நான் நம்பிக்கொண்டிருக்கலாம். ஆற்றுத் தண்ணீர் பல் கிட்டிப்போகும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது என்பதில் மட்டும் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. அதை அன்றுவரை வாய்விட்டுச் சொல்லத்தான் குதித்தவர்களில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக், கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டு மாடியில் குடியிருந்தான். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் சோற்றுக்குக் குறையிருக்காது, சொல்லுக்குத்தான் விலையிருக்காது. மாமனார் தையல்காரர். கடை திறப்பதற்கு முன் ஆற்றில் நீந்துவது அவர் பழக்கம். நீந்தாதவர்களை ஆண்பிள்ளைக் கணக்கில் சேர்க்காதது அவர் கொள்கை. பேக்கரிக்காரர், போட்டோக்காரர், இன்னும் நாலைந்து பேர் கூட வருவார்கள்.

தண்ணீர் எப்படி இருக்கிறது என்று தீர்மானிப்பது தையல்காரரின் வலது கால். கடைசிப் படியில் நின்று காலை நீரில் விடுவார். கண்ணை மூடுவார். அந்த மௌனத்தில் இருமல் வந்தால்கூட மற்றவர்கள் விழுங்கிக்கொள்வார்கள். பிறகு தீர்ப்பு வரும். 'பட்டு' என்றால் குதிக்கலாம். 'பருத்தி' என்றால் உடம்பை நனைத்துப் பழக்கிவிட்டு மெல்ல இறங்க வேண்டும். 'சாக்கு' என்றால் அன்று நீச்சல் கிடையாது. நேரே பேக்கரிக்குப் போய் டீ.

கோடையில் மேலே ஒரு முழம் வெதுவெதுப்பு, அதற்குக் கீழே பனி. மலையில் மழை பெய்தால், இங்கே வெயிலடிக்கும்போதே தண்ணீர் குளிரில் வெட்டும். குளிர் தொடங்கும் நாட்களில் காற்றைவிட ஆறு சூடாக இருந்து ஆவி பறக்கும். இதையெல்லாம் ஒரு காலத்தில் அந்தக் கால் தப்பாமல் சொன்னது. ஆனால் ஒரு வருஷமாக 'பட்டு' தவிர வேறு தீர்ப்பே வரவில்லை. எல்லோரும் குதித்தார்கள். உதடு நீலம் பாரித்துக் கரையேறினார்கள். தனக்குத்தான் வயதாகிவிட்டது என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் கலங்கி, "ஆகா, என்ன சுகம்!" என்று வெளியே கத்தினார்கள்.

மெக்கானிக்குக்கு நீச்சல் தெரியும். குளிர்தான் ஆகாது. தினம் ஒரு காரணம் சொல்லிவிட்டு மேல்படியில் உட்கார்ந்து எல்லோருடைய துண்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டிருப்பான்.

"ஊருக்கெல்லாம் ஐஸ் போட்டுத் தர்றவரு, தன் மேல ஒரு சொட்டுப் பட்டா அம்மாங்கறாரு" என்பார் போட்டோக்காரர்.

ஒருநாள் அவன் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி ஆற்றில் விட்டுப் பார்த்தான். "பதினாலு டிகிரி, மாமா. சாக்லெட் உருகாம இருக்கறதுக்கே பேக்கரி ஃப்ரிட்ஜை இதைவிடச் சூடாத்தான் வெச்சுக் குடுத்திருக்கேன்."

"ஆத்துக்கு என்ன காய்ச்சலா, தர்மாமீட்டர் வெச்சுப் பாக்க?" என்றார் தையல்காரர். "மாப்பிள்ளை, நனையாதவனுக்குப் படித்துறையில பேச்சு கிடையாது. இங்க அதான் சட்டம்."

சட்டம் உண்மைதான். கரையில் காய்ந்த உடம்போடு நிற்பவர் எவ்வளவு பெரிய ஆளானாலும், அவர் சொல்லை அங்கே காற்றில்தான் விடுவார்கள்.

நான் சொல்லவந்த காலையில் தையல்காரர் வழக்கம்போலக் காலை விட்டார், கண்ணை மூடினார், பின்பக்கமாகக் காலைத் தூக்கி உதறினார். "பட்டு!"

மேலே உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்கு அவருடைய உள்ளங்கால் தெரிந்தது. குதிகாலில் ஒரு குண்டூசியின் நீலத் தலை. சுற்றிலும் சதை சிவந்து வீங்கியிருந்தது.

தையல் கடைத் தரையில் குண்டூசிக்குப் பஞ்சமில்லை. மாமனார் தையல் மெஷினை மிதிப்பதும் வெறுங்காலால்தான். ஏறியது ஆச்சரியமில்லை. ஏறியது தெரியாமல் இவர் நடந்துவந்திருக்கிறாரே! போன மாதம் சர்க்கரை வியாதி டாக்டரின் கிளினிக்கில் மருந்து ஃப்ரிட்ஜைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு நோயாளியிடம் சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. 'புண்ணு வலிச்சா நீங்க அதிர்ஷ்டக்காரர். வலிக்காத புண்ணுதான் கடைசியில காலையே கேக்கும்.' ஒரு வருஷத்துப் பட்டும் அப்போதுதான் விளங்கியது. குளிர் எட்டாத காலுக்கு ஊசி மட்டும் எப்படி எட்டும்?

"மாமா, காலைத் தூக்குங்க. குதிகால்ல குண்டூசி ஏறியிருக்கு."

படித்துறையே சிரித்தது.

"நேத்து காது வலி. முந்தாநாள் கனவு சரியில்ல. இன்னிக்கு என் காலா, மாப்பிள்ளை?"

"உங்களுக்கு வலி தெரியல மாமா. இந்தப் புண்ணோட தண்ணியில இறங்கக் கூடாது."

"எனக்கா தெரியாது? இந்தக் கால் சொல்றதைத்தானே இத்தனை பேரும் கேக்கறாங்க! நனைஞ்சுட்டு வந்து பேசுங்க."

"துண்டைப் பத்திரமாப் பாத்துக்கோங்க, டாக்டர்!" என்றார் பேக்கரிக்காரர்.

வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்றால் அங்கே அவன் பேச்சு இதைவிட மலிவு. மாமனார் குதிக்கக் கையை வேறு உயர்த்திவிட்டார். மெக்கானிக் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தான். துண்டுகளைப் படியில் வைத்தான். சட்டையைக் கழற்றினான். யாரோ விசிலடித்தார்கள். மாமனார் உயர்த்திய கையை இறக்காமல் திரும்பிப் பார்த்தார்.

குதித்தான்.

ஊரில் அவன் பழுது பார்த்த அத்தனை ஃப்ரிட்ஜும் ஒன்றுசேர்ந்து அவன் தலைமேல் கவிழ்ந்தன. மூச்சு எங்கோ போய்விட்டது. தன் கைதானா என்று தெரியாத ஒரு கை படியைப் பிடித்தது. ஏறினான். பேசும் உரிமை வந்துவிட்டது, வாய்தான் வரவில்லை. பல்லும் பல்லும் மோதிக்கொண்டு ஒரு எழுத்தைக்கூட வெளியே விடவில்லை. வேறு வழியில்லாமல் மாமனாரின் வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"பாத்தீங்களா, மன்னிப்புக் கேக்கறாரு!" என்றார் போட்டோக்காரர்.

தையல்காரருக்குக் குரல் இளகிவிட்டது. "பரவாயில்ல, எழுந்திருங்க. நீங்களும் ஆம்பளைதான். நான் ஒத்துக்கறேன்."

எழுந்திருப்பதற்குப் பதில் அவன் காலை இழுத்தான். மாமனார் தொப்பென்று படியில் உட்கார்ந்தார். ஊசியைப் பிடுங்கப் பார்த்தான். மரத்துப்போன விரல்கள் வழுக்கின. அவனைத் தள்ளிவிடுவதற்காகக் குனிந்த பேக்கரிக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"அட, நிஜமாவே ஊசி!" என்று சொல்லி, அவரே அதைப் பிடுங்கினார். ஒரு விரற்கடை நீளம் வந்தது.

தையல்காரர் எட்டிப் பார்த்து, "யார் கால்ல?" என்றார்.

பேக்கரிக்காரர் அவருடைய குதிகாலைத் தொட்டுக் காட்டினார். அவர் ஊசியையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே" என்றார் போட்டோக்காரர், மெல்லிய குரலில். "ஒரு வருஷமா தண்ணி குளிருதுண்ணே."

"என்னது?"

"எனக்கும்தான்" என்றார் பேக்கரிக்காரர். "போன குளிர்ல நெஞ்சே நின்னுடும்னு நினைச்சேன்." மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள்.

"அப்ப ஏன்டா ஒருத்தனும் சொல்லல?"

"நீங்க பட்டுன்னீங்களே!"

மெக்கானிக்குக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "ஆ... ஆஸ்பத்திரிக்குப் போலாம், மாமா."

"போலாம்" என்றார் தையல்காரர். மருமகன் சொன்னதற்கு அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டியது அதுதான் முதல் தடவை என்கிறார்கள்.

சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. மகள் அழுதாள், பிறகு வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பாவைத் திட்டிக்கொண்டே கூட வந்தாள். புண் ஆற மூன்று மாதமாயிற்று; கால் தப்பியது. தையல்காரர் அதன்பின் நீந்தவில்லை. கடையை இன்னும் நடத்துகிறார். பேக்கரிக்காரர் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். போட்டோக்காரர் கோடையில் மட்டும் குளிக்க வருகிறார். மெக்கானிக்கும் மனைவியும் அடுத்த வருஷம் இரண்டு தெரு தள்ளித் தனி வீடு பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அவன் ஆற்றில் மறுபடி இறங்கவில்லை.