சந்தனத்துக்கு அடியில் ஒரு தேதி

“சீலு வைங்க, வேணாங்கல. என் அட்டிகைய எடுத்துக் குடுத்துட்டு வைங்க. வெள்ளிக்கிழம எம் பொண்ணுக்குக் கல்யாணம். வெறுங்கழுத்தோடயா மணவறையில ஒக்காருவா?”

சந்திரகலா அக்காவின் குரல் கிள்ளான் கடைத்தெரு முழுக்கக் கேட்டது. எதிர்த் தையல்கடையில் ரவிக்கை அளவு கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அதற்கு மேல் நிற்கக் கால் வரவில்லை. மனிதாபிமானத்தில்தான் போனேன்.

அடகுக்கடை வாசலில் அமலாக்க அதிகாரி ஸ்டெஃபனி, கையில் சங்கிலியும் சீல் ஒட்டும் தாளுமாக நின்றார். முதலாளி தம்புசாமி, உரிமம் சுவரிலேயே தொங்குகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீறாப்பாக விரலை நீட்டினார். தொங்கியது உண்மைதான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவர் மனைவி சீதாலெட்சுமி கல்லாவுக்கும் தராசுக்கும் பொட்டு வைத்த கையோடு உரிமத்தின் கண்ணாடிக்கும் ஒன்று வைப்பார். வருடா வருடம் பழைய பொட்டின் மேலேயே வைத்து, சந்தனம் அடைபோலத் தடித்திருந்தது. ஸ்டெஃபனி ஈரத்தாளை எடுத்ததும், பூஜை வைத்ததைத் தொடக்கூடாது என்று தம்புசாமி மறித்தார். சட்டப்படி தொடலாம் என்று சொல்லி அந்தப் பெண் துடைத்தே விட்டார். அடியில் காலாவதித் தேதி. ஐந்து மாதம் தாண்டியிருந்தது.

தம்புசாமியின் முகம் நிஜமாகவே அறியாதவர் முகம்போல இருந்தது. நான் நம்பினேன் என்று சொல்லவில்லை.

விசாரணை முடிய மூன்று மாதமாவது ஆகும், அதுவரை கடை திறக்காது என்றார் ஸ்டெஃபனி. அடகுச்சீட்டும் மீட்கக் கொண்டுவந்த பணமும் கையில் இருக்க, அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ என்னையும் உள்ள வச்சுப் பூட்டிடும்மா. அட்டிகைக்குத் துணையா இருக்கேன் லா.”

ஸ்டெஃபனி மேலதிகாரியிடம் போனில் மலாயில் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார்.

“ஆன்டி, புது அடகு எடுக்கக் கூடாது. சீட்டும் காசும் கொண்டு வர்றவங்களுக்கு மட்டும் என் முன்னாலயே நகைய திருப்பிக் குடுக்கலாம். பன்னண்டு மணி வரைக்கும்தான். அப்புறம் சீல்.”

இந்தச் செய்தி தெருவில் எப்படிப் பரவியது என்று என்னைக் கேட்கக் கூடாது. கால் மணி நேரத்தில் வரிசை நின்றுவிட்டது. வளையல்கள் பேங்க் லாக்கரில் பத்திரமாக இருக்கின்றன என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த உஷாராணி டீச்சர், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்றாவதாக நின்றார். நான் எட்டாவதாக நின்றது சும்மா துணைக்குத்தான். என் கையிலும் சீட்டு இருந்ததாக டீச்சர் சொல்வதை நம்ப வேண்டாம்.

முதலில் வெளியே வந்தது அட்டிகைதான். வெள்ளிக்கிழமை அக்கா மகள் மலர்விழி அதைப் போட்டுக்கொண்டுதான் மணவறையில் உட்கார்ந்தாள். இப்போது கணவனோடு செமினியில் இருக்கிறாள். தம்புசாமி அபராதம் கட்டிவிட்டு, சீதாலெட்சுமியோடு பூச்சோங்குக்கு மாறி மளிகைக்கடை வைத்துவிட்டார். அக்கா நேரில் போய் அழைத்தும், விசாரணை நடக்கும்போது விருந்துக்கு வரக்கூடாது என்று ஸ்டெஃபனி கல்யாணத்துக்கு வரவில்லை. மறு வருடம் அவருக்கே பிரிக்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தில் ரேமண்ட் என்பவரோடு கல்யாணம் நடந்தது. எனக்கு அழைப்பு இல்லை. போய்வந்தவர்கள் சொன்னார்கள், கழுத்தில் மெல்லிய சங்கிலி ஒன்று மட்டும்தானாம்.