இருபத்துமூன்று பேருக்கு ஒரே விடை

தென்கொரியாவின் தேஜான் நகரத்தில் சனிக்கிழமைக் காலை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்துநான்கு பேர் பல்கலைக்கழக ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் பெரிய பதாகை: 'கைகளால் கண்டறிவோம்!'

வகுப்பெடுத்த சேபொம், பொறியியல் முனைவர் பட்ட மாணவி. இந்த வகுப்பு, பேராசிரியர் குவாக்கின் திட்டம். அறிக்கை அழகாக இருந்தால் திட்டம் நீளும். அவளுடைய பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

இரும்பு நட்டு கட்டிய நூல்களை அவள் கொடுத்து முடிப்பதற்குள் பிள்ளைகளின் விடைத்தாள்கள் நிரம்பிவிட்டன. நூலின் நீளம் ஐம்பது சென்டிமீட்டர் என்று தாளிலேயே அச்சாகியிருந்தது. ஊசல் ஆடும் நேரத்தை அளந்து, புவியீர்ப்பைக் கணக்கிட வேண்டும்.

"கியூஹோ, நீ இன்னும் ஊசலைத் தொடவே இல்லையேப்பா?"

"இதெல்லாம் டியூஷன்ல போன வருஷமே முடிச்சாச்சு மிஸ். ஒன்பது புள்ளி எட்டுதானே? சாப்பிட கிம்பாப் எப்ப தருவீங்க?"

கடைசி மேசையில் தன்பி மட்டும் உதடு அசைய ஊசலின் ஆட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் டியூஷனுக்கு வசதியில்லை. விடை என்னவென்று யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

"மிஸ், எனக்குப் பத்து புள்ளி ஒன்பது வருது."

"ஏய் தன்பி, உன் மேசை மட்டும் வேற கிரகத்துல இருக்கா?" என்றான் கியூஹோ. வகுப்பே சிரித்தது.

"இன்னொரு தடவை பண்ணிப் பாரும்மா" என்றாள் சேபொம். அந்தக் கனிவான குரல் தன்னுடையதல்ல என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. போன வசந்தத்தில் அவளுடைய வரைபடத்தில் ஒரு புள்ளி கோட்டில் உட்கார மறுத்தபோது குவாக் அப்படித்தான் சொன்னார். நான்காவது தடவை அவளே அந்தப் புள்ளியை எடுத்துவிட்டாள்.

தன்பி மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் பத்து புள்ளி ஒன்பது.

சேபொம் அளவுகோலை எடுத்து அவளுடைய நூலில் வைத்தாள். நாற்பத்தைந்து. பக்கத்து மேசையில் அளந்தாள். அங்கேயும் நாற்பத்தைந்து. நேற்று நூல்களை வெட்டியபோது முடிச்சுக்குக் கூடுதலாக விட அவள் மறந்திருந்தாள். ஆக, ஐம்பது என்று வைத்துக் கணக்குப் போட்டால் இந்த நூலில் யாருக்கும் ஒன்பது புள்ளி எட்டு வரவே முடியாது. இருபத்துமூன்று பேருக்கு வந்திருக்கிறது.

'நான் வெட்டினது தப்பு. தன்பி மட்டும்தான் அளந்திருக்கா.' சொல்ல வேண்டியது இவ்வளவுதான். எழுந்து நின்றாள்.

அதற்குள் புகைப்படக்காரரோடு குவாக் வந்துவிட்டார். "என்னம்மா, எல்லாருக்கும் சரியா வந்துதா?"

"இருபத்துமூணு பேருக்கு சார்..."

"பிரமாதம்! மிச்சம் ஒண்ணு?"

அளவுகோல் இன்னும் அவள் கையில் இருந்தது. வாயைத் திறந்தாள்.

"நானும் சரிபண்ணிட்டேன் சார்" என்றாள் தன்பி, மேசையிலிருந்த ரப்பர் துகளை ஊதியபடி.

எல்லோரும் பதாகைக்குக் கீழே விரல்களால் இதய வடிவம் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு தாளில் முத்திரை வாங்க வரிசையில் நின்றார்கள். தன்பியின் தாளில் ஒன்பது புள்ளி எட்டுக்கு அடியில் அழித்த பழைய எண்ணின் பள்ளம் தெரிந்தது.

"மிஸ், என் நூலை அளந்தீங்களே. எவ்வளவு இருந்துச்சு?"

சேபொம் முத்திரையை மையில் ஒற்றினாள்.

"அம்பது" என்று சொல்லி, 'மிக நன்று' என்பதை அந்தப் பள்ளத்தின் மேலேயே அழுத்திக் குத்தினாள்.