மங்களம் பாடாத நாடகம்

மரினாவின் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். நாடகத்துறையில் பட்டம். அந்தத் திமிர் அவளுக்கு இருந்தது, இல்லையென்று சொன்னால் அது பொய்.

அவர்கள் குடியேறிய வெளிநாட்டு ஊரான புரொண்பியின் தேவாலய மண்டபத்தில் கிறிஸ்மஸ் ஒளிவிழா. நாடகம் அவள் எழுதியது. கடைசியில் மகள் வீட்டுச் சாவியைத் தகப்பன் முகத்தில் விட்டெறிந்து, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவாள். அதோடு திரை விழவேண்டும் என்றாள் மரினா.

அவளுடைய அப்பா ஞானரட்ணம் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர். அந்த மண்டபத்தில் எந்த நாடகம் போட்டாலும் முடிவில் மங்களம் பாடுவதும் முப்பது வருடமாக அவரே.

ஒத்திகையில் மெல்லச் சொன்னார்: "உச்சக்கட்டம் வேறை, முடிவு வேறை, பிள்ளை. சனம் நெஞ்சு பதறினபடி எழும்பிப் போகக்கூடாது. ஆறவிட்டு அனுப்போணும்."

"நீங்கள் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள், அப்பா?"

எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"எட்டு," என்றார். அவளுக்கே ஒருமாதிரியாகிவிட்டது. "சரி, கடைசியில பாடுங்கோ," என்று சொல்லிவைத்தாள்.

விழாவன்று கதவு அறைந்ததும் சபை மூச்சடங்கிப் போனது. இந்த அமைதியை ஒரு பாட்டு கெடுப்பதா? திரைக்கயிற்றோடு நின்ற றொஜிதனிடம், "இழு!" என்றாள். பக்கத்திலேயே வெள்ளை வேட்டியோடு அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்.

கைதட்டினார்கள். ஒருவரும் எழும்பவில்லை. மங்களம் பாடாமல் நாடகம் முடிந்ததாக அந்தச் சனம் என்றைக்கும் எடுத்ததில்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு முன்வரிசை மேரிசெலின் மாமி கத்தினார்: "எடி பிள்ளை, இது இடைவேளையோ? நான் ஒருக்கா வெளிக்குப் போயிட்டு வரட்டோ?"

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுடைய உச்சக்கட்டமும் போயிற்று.

உள்ளே ஓடினாள். அப்பா காற்சட்டைக்கு மாறி, வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஆக்கள் இன்னும் இருக்கினம். வந்து பாடுங்கோ."

"நீதான் முடிச்சிட்டியே, பிள்ளை."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அது அவளுக்கு நன்றாக வரும்.

"ஆறு மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்கோணும். கதிரை அடுக்கப்போறன்," என்றார்.

என்னில்தான் பிழை என்று சொல்ல வாயெடுத்தாள். "நானும் அடுக்கிறன்" என்றுதான் வந்தது.

"நீ ஏன்? உன்னைப் படமெடுக்க நிக்கினம், போ."

அவள் போகவில்லை. அவர் நாற்காலிகளை நாலு நாலாகத் தூக்க, அவள் இரண்டிரண்டாகத் தூக்கினாள். சனம் மெல்லக் கலைந்தது. வாசலில் சிலர் மேடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டே போனார்கள்.