ஏணி பிடிக்கிற ஆள்

சமாதானப் பூங்கா திறந்த முதல் வாரத்திலேயே, அங்கே சத்தம் போட்டுச் சண்டை பிடித்த மூன்று பேர் தரையை விட்டு மேலே போய்விட்டார்கள். முதலில் போனவர் ரொட்டிக்கடைக்காரர். பெஞ்சில் யார் உட்காருவது என்று தையல்காரம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தவர் மரத்தின் உச்சி வரை உயர்ந்து, அங்கேயும் கத்தினார். கலவரத்தில் எரிந்த தெருவை இடித்துத் தள்ளி, ஊரின் நான்கு மொழிக்காரர்களும் ஆளுக்கொரு பாத்தி கட்டி உண்டாக்கிய பூங்கா அது. நகராட்சி விசாரித்தது. காரணம் புலப்படாததால் ஓர் ஏணியை வாங்கி, அதைத் தூக்க ஒரு பெயிண்டரை நியமித்தது.

அன்றிலிருந்து அவர் ஏணிக்காரர். வேலையின் சூட்சுமம் சீக்கிரமே பிடிபட்டது. யாரோடு சண்டையோ அவரேதான் ஏணியைப் பிடிக்க வேண்டும். வேறு யார் பிடித்தாலும், எவ்வளவு நீள ஏணியானாலும், ஒரு படி குறைந்தது. "பிடிக்கிறேன். ஆனா பாதியில வாயைத் திறந்தீங்க, கையை விட்டுடுவேன்" என்பார் தையல்காரம்மா. "முதல்ல கெட்டியா பிடி தாயே" என்று மேலிருந்து பதில் வரும். வருடங்கள் போயின. சண்டை குறைந்தது என்று சொல்ல முடியாது. மெதுவான குரலில் சண்டை போட ஊர் பழகிக்கொண்டது.

ஏணிக்காரர் மட்டும் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. தங்கமான மனுஷன் என்றார்கள். விஷயம் அதுவல்ல. எதிர்க்கடை வாட்ச் ரிப்பேர்க்காரர் தினமும் வந்து பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் ஒரு கேள்வி இவர் தொண்டை வரை வந்து நிற்கும். கலவரத்தன்று இவருடைய தம்பி ஓடிப்போய்த் தட்டியது அந்தக் கடையின் ஷட்டரைத்தான். அது திறக்கவில்லை. தம்பி வீடு திரும்பவில்லை. கேட்காமல் செத்துப்போகவும் மனமில்லை. கேட்டால் கத்திவிடுவார், கத்தினால் மேலே போய்விடுவார், அப்புறம் அந்த ஆள் வந்தல்லவா ஏணி பிடிக்க வேண்டும்? அந்தக் கையை நம்பி எப்படி இறங்குவது?

ஒரு மத்தியானம் வாட்ச்காரர் தானாகவே, "உங்க தம்பி ஜாடை அப்படியே உங்களுக்கு" என்றார்.

"தட்டினது கேக்கலையாய்யா உனக்கு?"

"உள்ளே என் புள்ளைங்க இருந்துச்சுங்கய்யா!"

இருவரும் ஒன்றாகவே மேலே போனார்கள். ஏணி புல்லில் கிடந்தது. பிடிக்க வேண்டிய இரண்டு பேருமே மேலே. "நல்ல கூத்து" என்று தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மேலே காற்று அதிகம். கத்தினால் காதில் விழவில்லை; ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து, பக்கத்தில் இழுத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"கேட்டுச்சு" என்றார் வாட்ச்காரர். "குரலும் அடையாளம் தெரிஞ்சுது. சாவி என் கையிலதான் இருந்துச்சு."

ஏணிக்காரர் அவர் சட்டையை விடவில்லை. பொழுது சாய்வதற்குள் இருவரும் மெல்லத் தாழ்ந்து வந்து, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டார்கள். அதற்குக் கீழே இன்றுவரை இறங்கவில்லை. எந்த ஏணியும் அவ்வளவு சின்னதாக இல்லை.

அப்படியேதான் நடமாடுகிறார்கள். புதுப் பாத்திகளில் அவர்கள் கால் படாது என்பதால், நாற்று நடும் வேலையை நகராட்சி அவர்கள் இருவரிடமே விட்டிருக்கிறது.